மலிவான வழி, நியூ ஆர்லியன்ஸ் வழி: 1840 முதல் 1855 வரை மார்மன் குடும்பங்கள் போன பாதை

அமெரிக்க வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்தப் பாதை கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். லிவர்பூலில் கப்பல் ஏறி இல்லினாய் மாநிலத்துக்குப் போக வேண்டிய குடும்பம் நியூயார்க்கில் இறங்கி மேற்கே போவதுதான் கிட்ட. ஆனால் 1840 கடைசியில் தொடங்கி 1855 தொடக்கம் வரை, பிரிட்டனிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கிளம்பிய மார்மன்களில் பெரும்பாலோர் அப்படிப் போகவில்லை. தெற்கே இறங்கி, கரீபியத் தீவுகளை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து, நியூ ஆர்லியன்ஸில் கரையேறினார்கள். அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றில் ஆயிரத்துச் சொச்சம் மைல் மறுபடி வடக்கே ஏறினார்கள்.

இப்படிச் சுற்றியதற்குக் காரணம் காசு. பிறகு அந்த வழியைக் கைவிட்டதற்குச் சொல்லப்படும் காரணம் காலரா. முதல் காரணம் முழு உண்மை. இரண்டாவது பாதி உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று பார்க்க, கப்பல் ஏறுவதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும்.

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஊர் உலகம் வைத்த பெயர் மார்மன்கள். ஏழே வருடத்தில், 1837 ஜூலையில், இவர்களுடைய ஊழியர்கள் லிவர்பூலில் வந்து இறங்கிவிட்டார்கள். முதலில் போய் நின்ற ஊர் லங்காஷயரின் பிரெஸ்டன். பஞ்சாலைகளும் புகையும், வாரக்கூலியை நம்பி வாழும் குடும்பங்களும் நிறைந்த ஊர். அங்கே ரிப்பிள் ஆற்றில் ஞானஸ்நானம் தொடங்கியது. சில வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்.

சேர்ந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து ஜெபித்தால் போதாது. விசுவாசிகள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து கூட வேண்டும், அங்கே தங்களுக்கென்று ஒரு நகரத்தைக் கட்ட வேண்டும் என்பது அன்றைய மார்மன் போதனையின் மையம். அந்த நகரம் முதலில் நாவூ, இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பியின் கரையிலேயே இருந்தது. 1844ல் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் கொன்றது. 1846ல் மார்மன்கள் நாவூவை விட்டுக் கிளம்பினார்கள். 1847 ஜூலையில், ஸ்மித்துக்குப் பிறகு சபையை நடத்திய பிரிகம் யங் தலைமையில் ராக்கி மலைகளுக்கு அப்பால் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் ஆயிரம் மைலுக்கும் மேல் மேற்கே நகர்ந்துவிட்டது. ஆனால் இறங்கும் துறைமுகம் மாறவில்லை.

கூட்டமாகக் கிளம்பிய முதல் குழு 1840 ஜூன் 6 அன்று பிரிட்டானியா என்ற கப்பலில் லிவர்பூலை விட்டது. 41 பேர். அவர்கள் நியூயார்க்குக்குத்தான் போனார்கள். அடுத்த பெரிய குழுவும் அப்படியே. அங்கிருந்து நாவூ போக ஆற்றுப்படகு, கால்வாய்ப் படகு, ஏரிக் கப்பல், வண்டி என்று மாறி மாறி ஏற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் சுமைக்கூலி, சத்திரச் செலவு, திருட்டு. அதே வருடம் அக்டோபரில் ஐசக் நியூட்டன் என்ற கப்பலில் ஐம்பது பேர் போல நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்ப் பார்த்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரே ஒரு முறை கப்பலிலிருந்து நீராவிப் படகுக்கு மாறினால் செயின்ட் லூயிஸ் வரை போய்விடலாம். நாவூவோ ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. கணக்கு உடனே புரிந்துவிட்டது.

இந்தக் கணக்கில் பருத்திக்கு ஒரு பங்கு உண்டு. அன்று அமெரிக்காவின் மிகப்பெரிய பருத்தி ஏற்றுமதித் துறைமுகம் நியூ ஆர்லியன்ஸ். பிரிட்டன் வாங்கிய பருத்தியில் பெரும்பகுதி வந்து இறங்கியது லிவர்பூலில். கிழக்கே வரும்போது கப்பல் கொள்ளாமல் பொதிகள் இருக்கும். திரும்பிப் போகும்போது உப்பு, இரும்பு, பீங்கான் என்று ஏற்றினாலும் நடுத்தளம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில் பலகை அடித்துப் படுக்கை போட்டு ஆட்களை ஏற்றினால் கப்பல்காரனுக்கு அது லாபம். அதனால்தான் லிவர்பூலிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு அடித்தட்டுக் கட்டணம் 4 பவுண்டு சொச்சத்தில் கிடைத்தது. அடிமைகள் பறித்த பஞ்சைப் பிரெஸ்டனில் நூற்றவர்கள், அந்தப் பஞ்சு வந்த கப்பல்களிலேயே அந்தப் பஞ்சு விளைந்த மண்ணுக்குப் போனார்கள். ஊரைவிட்டுப் போகும்போதும் பஞ்சாலையின் கயிறு அவர்களை விடவில்லை.

லிவர்பூல் அன்று குடியேறிகளைத் தின்னும் ஊர். நகரத்துக்குள் வந்து இறங்குகிற கிராமத்தானின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, 'வாங்க, நல்ல சத்திரம் இருக்கு' என்று இழுத்துப் போகும் தரகர்கள் துறைமுகத்தெருக்களில் நிறைந்திருந்தார்கள். கள்ளச் சீட்டு, கூடுதல் விலைப் பாத்திரம் பண்டம், போலி நாணய மாற்று எல்லாம் நடந்தன. மார்மன்கள் இதற்கு மாற்றாகச் செய்தது எளிது. லிவர்பூலில் சபைக்கு ஓர் அலுவலகம் இருந்தது. அதுவே சபையின் மில்லேனியல் ஸ்டார் பத்திரிகையையும் நடத்தியது. போக விரும்புகிறவர் ஊரிலிருந்தே முன்பணத்தோடு பெயரைப் பதிய வேண்டும். ஆள் சேர்ந்ததும் அலுவலகம் கப்பலைப் பேசி அமர்த்தி, நாள் குறித்து எழுதும். வந்தவர்கள் முடிந்தவரை சத்திரத்தில் தங்காமல் நேரே கப்பலிலேயே ஏறிவிடுவார்கள்.

கப்பலுக்குள்ளும் ஏற்பாடு இருந்தது. ஒரு தலைவர், இரண்டு துணைவர்கள். நடுத்தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பொறுப்பாளர். விடியற்காலையில் எழுப்பி, தளத்தைச் சுரண்டிக் கழுவி, படுக்கையை உதறி, ஜெபம் முடித்த பிறகுதான் அடுப்பு. கல்யாணமாகாத ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், நடுவில் குடும்பங்கள். மற்றக் குடியேறிக் கப்பல்களில் அடிதடியும் அழுக்கும் சாதாரணமாக இருந்த காலம் அது. 1854ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை குடியேறிக் கப்பல்களைப் பற்றி விசாரித்தபோது, லிவர்பூலில் இருந்த மார்மன் தலைவர் சாமுவேல் ரிச்சர்ட்ஸையே கூப்பிட்டு 'நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்டுக்கொண்டது. அவர்களுடைய மதத்தை வெறுத்தவர்கள்கூட அவர்களுடைய கப்பல் ஏற்பாட்டைக் குறை சொல்லத் தயங்கினார்கள்.

சாப்பாடு எப்படி? 1849ம் வருடத்து பிரிட்டிஷ் பயணிகள் சட்டப்படி ஒரு பெரிய ஆளுக்கு வாரத்துக்குக் கிடைத்தது இதுதான்: இரண்டரை ராத்தல் (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) ரொட்டி அல்லது பிஸ்கட், ஒரு ராத்தல் கோதுமை மாவு, ஐந்து ராத்தல் ஓட்ஸ் மாவு, இரண்டு ராத்தல் அரிசி, அரை ராத்தல் சர்க்கரை, அரை ராத்தல் வெல்லப்பாகு, இரண்டு அவுன்ஸ் தேயிலை. தண்ணீர் நாளுக்கு மூன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு; குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதில்தான். எல்லாம் பச்சைச் சாமான். வரிசையில் நின்று பொது அடுப்பில் அவரவர் சமைத்துக்கொள்ள வேண்டும். (தேயிலையைப் பார்த்துப் புருவம் உயர்த்த வேண்டாம். மார்மன்கள் டீ குடிக்க மாட்டார்களே என்பது பின்னாளில் கட்டாயமான விதி. அந்தக் காலத்தில் அது அறிவுரையாக இருந்தது, கப்பலில் டீ கொதித்தது.)

கடல் இவர்களை எவ்வளவு தூரம் விட்டுவைத்தது என்பது ஆச்சரியமான விஷயம். 1840 முதல் 1890 வரை அட்லாண்டிக்கில் மார்மன் குழு ஏறிய கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை. மூழ்கிய ஒரே கப்பல் ஜூலியா ஆன், அதுவும் பசிபிக்கில், ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியா போகும் வழியில், 1855ல். சாவே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகளைத் தட்டம்மை கொண்டுபோனது. 1849 செப்டம்பரில் கிளம்பிய பெர்லின் என்ற கப்பலில் நடுக்கடலில் காலரா பரவி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனாலும் பொதுவாகப் பார்த்தால் லிவர்பூலில் ஏறியவர்கள் ஏழெட்டு வாரத்தில் முழுசாகவே மிசிசிப்பியின் வாயை அடைந்தார்கள். அங்கேதான் கதை மாறுகிறது.

நியூ ஆர்லியன்ஸ் கடற்கரையில் இல்லை. ஆற்றுவாயிலிருந்து நூறு மைல் உள்ளே இருக்கிறது. கடலும் ஆறும் சேரும் இடத்தில் மணல்திட்டு. தண்ணீர் பச்சையிலிருந்து சேற்று நிறத்துக்கு மாறும், கரை என்று ஒன்று தெரியாமல் நாணல் காடு மட்டும் தெரியும். பலைஸ் என்ற அந்த இடத்தில் வழிகாட்டி ஏறிக்கொள்வார். பாய்க்கப்பல் எதிர் நீரோட்டத்தில் தானாக ஏற முடியாது. அதனால் ஒரு நீராவி இழுவைப் படகு வந்து கட்டி இழுக்கும், பல சமயம் இரண்டு மூன்று கப்பல்களைச் சேர்த்து. வாரக்கணக்கில் கடலை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டங்களும் ஆரஞ்சு மரங்களும் வெள்ளை வீடுகளும் விரியும். அந்த வீடுகளுக்குப் பின்னால் வரிசையாக அடிமைகளின் குடிசைகள். 1853ல் ஜெர்சி என்ற கப்பலில் முந்நூற்றுச் சொச்சம் மார்மன்களோடு வந்த ஃபிரெடரிக் பியர்சி என்ற இளம் ஓவியர், நியூ ஆர்லியன்ஸிலிருந்து தொடங்கி பேட்டன் ரூஜ், நாச்செஸ், மெம்பிஸ் என்று ஆற்றின் ஊர்களை வரைந்துகொண்டே போனார். அந்தப் பாதை கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் இன்றைக்கும் பார்ப்பது பெரும்பாலும் அவர் வரைந்ததைத்தான்.

கப்பல் கரையை அணைந்ததும் முதலில் ஏறுபவர் சபையின் முகவர். 1848 வாக்கில் லூசியஸ் ஸ்கோவில் இந்த வேலையில் இருந்தார். 1853ல் ஜான் பிரௌன். அமெரிக்கத் தெற்கில் பிறந்து வளர்ந்தவர், அந்த ஊரின் வியாபாரம் தெரிந்தவர். முகவர் செய்தது லிவர்பூல் அலுவலகத்தின் மறுபாதி. சுங்கத்தைக் கவனிப்பது, தங்கக் காசை மாற்றித் தருவது, மேலே போகும் படகு ஒன்றை மொத்தமாகப் பேசுவது, முடிந்தால் அந்தப் படகையே கப்பலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்துவது. அப்படி நிறுத்திவிட்டால் பெட்டி படுக்கை கரையைத் தொடாமலே கப்பலிலிருந்து படகுக்குப் போய்விடும். சுமைக்கூலியும் மிச்சம், திருட்டும் மிச்சம். செயின்ட் லூயிஸ் வரை படகின் கீழ்த்தளத்தில் போக ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று டாலர். தனியாகப் போய்ப் பேரம் பேசும் ஒரு குடும்பத்துக்கு இது கிடைக்காது. முந்நூறு பேரைக் காட்டிப் பேசுகிற முகவருக்குக் கிடைக்கும்.

இதனால் பலருக்கு நியூ ஆர்லியன்ஸ் ஒன்றிரண்டு நாள் ஊர்தான். 1850ல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள், பிரெஞ்சும் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்த தெருக்கள், ஆற்றைவிடத் தாழ்ந்த தரை, கரைமேட்டில் மலைமலையாகப் பருத்திப் பொதியும் சர்க்கரைப் பீப்பாயும். நல்ல ரொட்டியும் பழமும் வாங்கித் தின்ன முதல் வாய்ப்பு. கையில் காசு தீர்ந்தவர்கள் அங்கேயே வேலை தேடி நின்றதும் உண்டு. அவர்களுக்கென்று ஒரு சிறு சபை அங்கே நடந்தது. ஆனால் பெரும்பாலோர் காசு சம்பாதிக்க நின்ற ஊர் செயின்ட் லூயிஸ். 1850களில் அங்கே மார்மன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஊருக்குள் நடந்து போனவர்கள் ஒன்றைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. அமெரிக்காவின் மிகப்பெரிய அடிமைச் சந்தை நியூ ஆர்லியன்ஸ். கடைத்தெருவில் ஆண்களையும் பெண்களையும் நல்ல துணி உடுத்தி வாசலில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். செயின்ட் லூயிஸ் என்ற பெரிய ஹோட்டலின் குவிமாடக் கூடத்தில் நட்டநடுப் பகலில் ஏலம் நடக்கும். பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை 1833ல் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த தொழிலாளர்கள் பலர் இதைக் கண்டு அதிர்ந்து நாட்குறிப்பில் எழுதினார்கள். அந்த அதிர்ச்சி உண்மைதான். ஆனால் அவர்கள் போய்ச் சேர இருந்த, சால்ட் லேக் இருக்கும் யூட்டாவிலேயே 1852 தொடக்கத்தில் அடிமைகளை வைத்திருப்பதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். புனித நகரத்தைத் தேடிப் போனவர்களின் கதையில் இதைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

பருவக் கணக்கும் முகவருக்கு ஒரு தலைவலி. கோடையில் நியூ ஆர்லியன்ஸில் மஞ்சள் காய்ச்சல். 1853 கோடையில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். ஆகவே கோடையில் யாரும் வந்து இறங்கக் கூடாது. சரி, குளிர்காலத்தின் தொடக்கத்தில் வரலாமா என்றால் மேலே ஆறு உறைந்துவிடும். 1842 அக்டோபர் கடைசியில் பார்லி பிராட் தலைமையில் எமரால்ட் கப்பலில் கிளம்பியவர்கள் ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் வந்து, பனிக்கட்டியால் வழியில் மாட்டி, நாவூவை எட்டியபோது 1843 ஏப்ரல். சீக்கிரமும் கூடாது, தாமதமும் கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் லிவர்பூலை விட்டு மார்ச், ஏப்ரலில் ஆற்றில் ஏறுவதுதான் தோது. சால்ட் லேக் இலக்கான பிறகு இது இன்னும் இறுகியது. புல் முளைக்கும் நேரத்தில் மாட்டுவண்டி கிளம்பினால்தான் பனிக்கு முன் மலையைத் தாண்ட முடியும்.

அப்புறம் படகு. மிசிசிப்பி நீராவிப் படகுகளை ஓவியத்தில் பார்த்தால் அலங்காரமாக இருக்கும். அந்த அலங்காரம் மேல்தளத்துக்கு. ஏழைகள் கீழே, கொதிகலனுக்கும் விறகுக்கும் கால்நடைக்கும் மூட்டைகளுக்கும் நடுவே, கிடைத்த இடத்தில் துணி விரித்துக்கொள்ள வேண்டும். படுக்கை கிடையாது, சாப்பாடு அவரவர் பாடு. குடிதண்ணீர்? ஆற்றில் வாளியை விட்டு மொண்டுகொள்ள வேண்டியதுதான். படகின் கழிவு போவதும் அதே ஆற்றில். மேலே உள்ள ஒவ்வொரு ஊரின் சாக்கடையும் அதே ஆற்றில். கடலில் நாளொன்றுக்கு அளந்து கொடுத்த பீப்பாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள், இங்கே அளவில்லாமல் கிடைத்ததைக் குடித்தார்கள்.

1848 டிசம்பரில் காலரா நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. படகுகளோடு படகாக ஆற்றில் ஏறி, 1849ல் செயின்ட் லூயிஸில் பத்தில் ஒருவர் போலக் கொன்றது. அந்த வருடம் பிப்ரவரி 26 அன்று புவெனா விஸ்டா என்ற கப்பலில் 249 பேர் லிவர்பூலை விட்டார்கள். எல்லோரும் வேல்ஸ்காரர்கள், பலர் ஆங்கிலமே சரியாகத் தெரியாதவர்கள். தலைவர் டான் ஜோன்ஸ். இவர் மிசிசிப்பிக்குப் புதியவர் இல்லை. நாவூ நாட்களில் மெய்ட் ஆஃப் அயோவா என்ற சிறு நீராவிப் படகின் தலைவராக இருந்து, 1843லும் 1844லும் புதிதாக வந்த மார்மன்களை அதே ஆற்றில் ஏற்றிச் சென்றவர். ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர் என்றே சொல்லலாம். கடல் பயணம் நன்றாகவே போனது. ஏப்ரல் நடுவில் நியூ ஆர்லியன்ஸ். அங்கிருந்து கான்ஸ்டிட்யூஷன் என்ற படகில் செயின்ட் லூயிஸ். அடுத்து ஹைலேண்ட் மேரி என்ற படகில் மிசௌரி ஆற்றில், மேற்கே மாட்டுவண்டிகள் கிளம்பும் கவுன்சில் ப்ளஃப்ஸ் நோக்கி. இந்தக் கடைசிக் கட்டத்தில் காலரா பிடித்தது. படகு விறகுக்காகக் கரை ஒதுங்கும் இடங்களில் குழி தோண்டினார்கள். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை. வேல்ஸிலிருந்து கிளம்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் ஆற்றிலும் கரையிலும் முடிந்தார்கள். ஆற்றைத் தெரிந்த தலைவர் இருந்தும் இதுதான் நடந்தது. வளைவையும் மணல்திட்டையும் அறிந்தவருக்குத் தண்ணீருக்குள் இருந்தது தெரியாது. அன்று யாருக்கும் தெரியாது. காலரா குடிநீரில் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ எழுதியது அதே 1849ல், அதை நம்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மற்றவர்கள் கெட்ட காற்று என்றார்கள், ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

நோய் இல்லாவிட்டாலும் ஆறு சும்மா விடவில்லை. 1852 ஏப்ரல் 9, பெரிய வெள்ளிக்கிழமை. மிசௌரி மாநிலத்தின் லெக்சிங்டனில் சலூடா என்ற பழைய படகு, வெள்ளமும் பனிக்கட்டியும் சேர்ந்த நீரோட்டத்தை எதிர்த்து ஒரு முனையைத் தாண்ட முடியாமல் நாள்கணக்கில் திணறிக்கொண்டிருந்தது. சலித்துப்போன சிலர் முன்பே இறங்கிவிட்டார்கள். கேப்டன் பிரான்சிஸ் பெல்ட் நீராவி அழுத்தத்தை ஏற்றச் சொன்னார். சக்கரம் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் கொதிகலன் வெடித்தது. கேப்டன் உட்பட குறைந்தது 75 பேர் இறந்தார்கள். அந்த வருடம் நியூ ஆர்லியன்ஸ் வழியாக வந்த மார்மன் குடும்பங்கள் பல அதில் இருந்தன. மிசௌரி மாநிலம் 1838ல் மார்மன்களை ஆளுநர் உத்தரவு போட்டு விரட்டிய மாநிலம். அதே மாநிலத்தில் லெக்சிங்டன் மக்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள், காயம்பட்டவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தார்கள், அநாதையான குழந்தைகளில் சிலரை எடுத்து வளர்த்தார்கள்.

1849லேயே இத்தனை சாவு. பிறகு ஏன் 1854 வரை அதே வழியில் ஆட்களை அனுப்பினார்கள்? சபைத் தலைமைக்கு மனசாட்சி இல்லை என்று எதிரிகள் சொல்வார்கள், அறியாமை என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். இரண்டுமே போதாது. 1849ல் தொடங்கிய நிரந்தரக் குடியேற்ற நிதியிலிருந்து ஏழைகளுக்குப் பயணக் கடன் கொடுத்தார்கள். வாங்கியவர் யூட்டா போய்ச் சம்பாதித்துத் திருப்ப வேண்டும், அந்தப் பணத்தில் அடுத்தவர் வர வேண்டும். ஒரு தலைக்கு ஆகும் செலவு ஒரு பவுண்டு ஏறினால் அந்த வருடம் வரும் தலைகள் குறையும். 1853ல் லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை ஒரு ஆளுக்கு 10 பவுண்டு என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு வண்டிக்குப் பத்துப் பேர். மிசிசிப்பி இல்லாமல் அந்தப் பத்துப் பவுண்டு சாத்தியமே இல்லை. அடுத்த வருடமே அது 13 பவுண்டு ஆனது.

1854ல் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. ஒன்று, மறுபடி கடுமையான காலரா. ஆற்றிலும் அதைத் தாண்டி, மிசௌரி மாநிலத்தில் வண்டிகள் கிளம்பும் வெஸ்ட்போர்ட் முகாமிலும் டேனிஷ் குடும்பங்கள் உட்படப் பலர் இறந்தார்கள். இன்னொன்று அந்த வருடம் பிப்ரவரியில் நடந்தது: சிகாகோவிலிருந்து வரும் ரயில்பாதை ராக் ஐலண்டில் மிசிசிப்பியைத் தொட்டது. அதாவது, கிழக்குக் கடற்கரையில் இறங்கியவர் முதன்முறையாக ரயிலிலேயே மிசிசிப்பி வரை வந்துவிடலாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரிகம் யங், சாமுவேலுக்கு அடுத்து லிவர்பூலில் பொறுப்புக்கு வந்த ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸுக்குக் கடிதம் எழுதினார். தட்பவெப்பத்துக்குப் பழகாத நம் ஆட்களுக்கு மிசிசிப்பியில் நோய் வருகிறது, இனி நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பல் வேண்டாம், பிலடெல்பியா, பாஸ்டன், நியூயார்க், இந்த வரிசையில் அனுப்பு என்பது சாரம். கடிதத்தில் நோய்தான் காரணம். ஆனால் அந்த நோய் 1849லும் இருந்தது. 1849ல் இல்லாமல் 1854ல் வந்தது ரயில். மாற்றுவழி இருந்ததால்தான் மனசு மாற முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கடிதம் போட்டும் ஆற்றுவழி உடனே அடைபடவில்லை. 1855 ஜனவரியில் இன்னும் சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பின. அவற்றில் ஒன்று சார்லஸ் பக், நானூறு மார்மன்களோடு. அதன் தலைவர் ரிச்சர்ட் பாலண்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இந்தப் பெயர் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. 1853 ஜூலையில் இதே பாலண்டைன் சென்னைப் பட்டணத்தில் இறங்கி, ஒரு வருடம் மார்மன் போதனையைப் பரப்பப் பார்த்தார். துண்டுப் பிரசுரங்கள் அடித்தார், ஒரு மாதப் பத்திரிகைகூட நடத்தினார். எல்லாம் ஆங்கிலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களையும் ஐரோப்பியர்களையும் நம்பி. சேர்ந்தவர்கள் மிகச் சிலர். 1854ல் உடல்நிலை கெட்டுக் கப்பலேறி இங்கிலாந்து போனார். அங்கிருந்து ஊர் திரும்பும்போதுதான் இந்தக் கப்பலின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1855 மார்ச் நடுவில் நியூ ஆர்லியன்ஸ். அங்கிருந்து ஆற்றில் ஏறி, கான்சாஸிலிருந்து ஒரு வண்டிக் கூட்டத்தையும் நடத்திக்கொண்டு செப்டம்பரில் சால்ட் லேக் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் மார்மன் வரைபடத்திலிருந்து விழுந்துவிட்டது. 1855 ஆகஸ்டில் நியூயார்க்கில் காசில் கார்டன் என்ற குடியேறிகள் நிலையம் திறந்தது. தரகர்களை உள்ளே விடாமல், பதிவும் ரயில் சீட்டும் ஒரே கூரையின் கீழ். மார்மன் முகவர்கள் நியூ ஆர்லியன்ஸில் கையால் செய்த வேலையில் பாதியை இப்போது மாநிலமே செய்தது. 1856 தொடக்கத்தில் ரயில் அயோவா சிட்டிவரை நீண்டது.

ஆனால் ரயிலுக்குக் காசு கூட. ஆற்றில் மிச்சமான பணத்தை வேறெங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் மாட்டுவண்டி. மாடும் வண்டியும் வேண்டாம், ஐந்து பேருக்கு ஒரு கைவண்டி, தள்ளிக்கொண்டே ஆயிரத்து முந்நூறு மைல் நடக்கலாம் என்று முடிவானது. செலவு 9 பவுண்டுக்குக் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். 1856 மே மாதம் தார்ன்டன் கப்பல் நியூயார்க்குக்கும், ஹொரைசன் கப்பல் பாஸ்டனுக்கும் கிளம்பின. இரண்டிலும் சேர்த்து ஆயிரத்து அறுநூறு பேர். கடலும் ரயிலும் சிக்கலில்லாமல் போயின. அயோவா சிட்டியில் கைவண்டிகள் தயாராக இல்லை. பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகளோடு ஜூலையில் கிளம்பிய கடைசி இரண்டு குழுக்களையும் அக்டோபரில் வயோமிங்கில் பனி பிடித்தது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மார்மன் குடியேற்றத்தில் ஒரே வருடத்தில் நேர்ந்த மிக மோசமான சாவுகளில் அது ஒன்று. அதற்கும் மிசிசிப்பிக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். செலவுக் கணக்கைத் தொடர்ந்து பார்த்தால் சம்பந்தம் தெரியும்.

1869ல் ரயில் யூட்டாவைத் தொட்ட பிறகு லிவர்பூலிலிருந்து அங்கே போவது சில வார வேலையாகிவிட்டது. கடன் மட்டும் நின்றது. 1880ல் சபையின் பொன்விழா வருடத்தில் கணக்கெடுத்தபோது, குடியேற்ற நிதிக்கு வர வேண்டிய பாக்கி வட்டியோடு 16 லட்சம் டாலர். அதில் பாதியை, கட்ட முடியாத ஏழைகளின் பேரில், தள்ளுபடி செய்தார்கள். ஏழே வருடத்தில், 1887ல், அமெரிக்கக் காங்கிரஸ் பலதார மணத்துக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தில் அந்த நிதி நிறுவனத்தையே கலைத்துவிட்டது.